கிருஷ்ணா நீர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னையில் கோடை தொடங்கியதும் குழாயடிப் பேச்சு ஒன்றில்தான் வந்து நிற்கும்: "கிருஷ்ணா தண்ணி திறந்துட்டாங்களா?" பிற ஆற்றுப் படுகையிலிருந்து வரும் நீரை நம்பி வாழும் ஊர், அந்த நீரைப் பற்றிச் சரியாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: இது ஆந்திரம் மட்டும் தரும் நீர்.
உண்மை: 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தத்தம் கிருஷ்ணா பங்கிலிருந்து சென்னைக்குத் தலா 5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2,830 கோடி லிட்டர்) விட்டுக்கொடுக்க இசைந்தன. 1983-இல் ஆந்திரத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1996-இல் நீர் தமிழக எல்லைக்கு வந்தது. இந்த நீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டம் சென்னைக்காக மட்டும் வெட்டப்பட்டதும் அல்ல. ராயலசீமா, நெல்லூர் வயல்களும் அதில் பாசனம் பெறுகின்றன.

நம்பிக்கை: ஒப்பந்தம் இருப்பதால் 12 டி.எம்.சி. தவறாமல் வரும்.
உண்மை: 15 டி.எம்.சி.யில் 3 வழியிலேயே ஆவியாகியும் கசிந்தும் போகும் என்று கழித்துத்தான் 12 என்று எழுதினார்கள். ஆனால் ஆந்திரத்தின் ஸ்ரீசைலம் அணை நிரம்பி, சோமசிலா அணை நிரம்பி, கண்டலேறு அணையில் போதிய மட்டம் இருந்தால்தான் மதகைத் திறக்க முடியும். கிருஷ்ணாவில் மழை பொய்த்தால் கால்வாயும் காயும். பெரும்பாலான ஆண்டுகளில் 12 முழுமையாக வந்ததில்லை.

நம்பிக்கை: வழியில் குறைவதெல்லாம் திருட்டு.
உண்மை: கண்டலேறுவிலிருந்து தமிழக எல்லையிலுள்ள ஊத்துக்கோட்டைக்கு 152 கிலோமீட்டர். விவசாயிகள் மோட்டார் வைத்து இறைப்பது உண்டு. அதோடு வெயிலும் குடிக்கிறது, மண்ணும் குடிக்கிறது. மண்கரை சரிந்து நீர் வீணானதால்தான் சத்ய சாய் அறக்கட்டளை தன் செலவில் கால்வாயைச் சீரமைத்தது. 2004-இல் அந்த வேலை முடிந்தபின் சென்னைக்கு நீர் தரும் பூண்டி ஏரிக்கு வரத்து கூடியது. கால்வாயை வெட்டியதோடு வேலை தீராது, ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டும்.

நம்பிக்கை: வெளியூர் நீர் வருவதால் உள்ளூர் ஏரிகள் இனி முக்கியமில்லை.
உண்மை: இதுதான் மிக ஆபத்தான நம்பிக்கை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து காவிரி நீரை ரயிலில் ஏற்றி வந்தோம், நடைக்கு 25 லட்சம் லிட்டர். பெருநகரின் தாகத்துக்கு அது எம்மாத்திரம்!

வருகிற கிருஷ்ணா நீரைச் சேர்த்துவைக்கவும் இடம் வேண்டும். பூண்டியின் கொள்ளளவு சுமார் 3.2 டி.எம்.சி. சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை எல்லாம் சேர்ந்தாலும் 12 டி.எம்.சி.யை எட்டவில்லை. அந்தக் கொள்ளளவில் நம் வடகிழக்குப் பருவமழை நீருக்கும் பங்கு உண்டு. ஆகவே ஏரியைத் தூர்வாராமல், வரத்துக் கால்வாயில் வீடு கட்ட விட்டுவிட்டு, ஆந்திரத்தைக் குறைசொல்வது நியாயமாகாது. மூன்று மாநிலங்கள் தம் பங்கில் குறைத்துக்கொண்டு அனுப்பும் நீர் அது. அதை வாங்கி வைக்கும் ஏரியைக் காப்பது நம் கடமை.