காரவள்ளியில் வந்த எச்ஆர் கால்: போன் இன்டர்வியூவுக்கு முன்னாடி போட வேண்டிய சம்பளக் கணக்கு

கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போனவங்களுக்குக் காரவள்ளி தெரிஞ்சிருக்கும். மலையடிவாரம். அதைத் தாண்டினதும் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். சில வருஷம் முன்னாடி நண்பர்களோட போயிட்டிருந்தப்போ, பஸ் காரவள்ளியில் நின்ன நேரம் பார்த்து போன் அடிச்சது. தெரியாத நம்பர். நான் அப்ளை பண்ணின கம்பெனியோட எச்ஆர். "பத்து நிமிஷம் பேசலாமா?"ன்னாங்க. கொஞ்சமும் யோசிக்காம "பேசலாம் மேடம்"னு சொல்லிட்டேன்.

பஸ் கிளம்பிடுச்சு. முதல் சில வளைவுக்குள்ளேயே மூணு தடவை கால் கட். அவங்க கேட்டதில் பாதி காதிலேயே விழல. கடைசியில் தெளிவா கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு: "எக்ஸ்பெக்டட் சிடிசி எவ்வளவு?" மறுபடி கட் ஆயிடுமோங்கிற பதற்றத்துல "4.8 லட்சம்"னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வேலை கிடைச்சது. சேர்ந்து ரெண்டு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சது, அதே அனுபவத்தோட அதே வேலைக்கு வந்த பக்கத்து சீட்காரருக்கு 5.4 லட்சம்.

வருஷத்துக்கு 60,000 ரூபாய் வித்தியாசம். அது அதோட நிக்காது. அடுத்த கம்பெனி பழைய சம்பளத்து மேல 30% ஹைக் கொடுத்தா எனக்கு 6.24 லட்சம், அவருக்கு 7.02 லட்சம். இடைவெளி 78,000 ஆயிடும். அன்னிக்குக் காரவள்ளியிலேயே இறங்கி, ஒரு டீ சொல்லிட்டு ஓரமா உட்கார்ந்து பேசியிருக்கலாம். அடுத்த பஸ் எப்போ வந்தா என்ன?

இல்லேன்னா இந்த ஒரு வரி போதும்: "மேடம், இப்போ பயணத்துல இருக்கேன், சிக்னல் சரியில்ல. சாயந்திரம் 5 மணிக்குப் பேசலாமா?" இப்படிக் கேட்டா வேலை போயிடும்னு நிறைய பேர் பயப்படுறோம். எனக்குத் தெரிஞ்சு இதுக்காக யாரையும் கழிச்சுக் கட்டினதில்ல. நேரம் சொல்லிட்டு அந்த நேரத்துக்கு போனை எடுக்காம இருந்தாதான் பிரச்சினை.

அந்த இடைவெளியில் ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போடுங்க. சிடிசி 6 லட்சம்னா மாசம் 50,000 கைக்கு வரும்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. ஒரு உதாரணம் பாருங்க. பேசிக் பாதி, அதாவது 3 லட்சம். கம்பெனி பங்கு பிஎஃப் அதுல 12%, அதாவது 36,000. கிராஜுவிட்டி 4.81%, அதாவது 14,430. வேரியபிள் பே 10%னு வெச்சா 60,000. இதெல்லாம் கழிச்சா மிச்சம் 4,89,570. மாசத்துக்கு சுமார் 40,800. அதிலிருந்து உங்க பங்கு பிஎஃப் 3,000 போனா 37,800. தொழில் வரி, இன்சூரன்ஸ் பிடித்தம் இருந்தா இன்னும் குறையும். பிஎஃப் உங்க காசுதான், எங்கேயும் போகாது. ஆனா இந்த மாச இஎம்ஐ-க்கு அது உதவாது. கிராஜுவிட்டிக்கு நிரந்தர ஊழியர்னா பொதுவா 5 வருஷ சர்வீஸ் வேணும். வேரியபிள் முழுசா வருமா வராதாங்கிறது கம்பெனி கையில்.

அதனால கணக்கைப் பின்னாலிருந்து போடுங்க. வாடகை, வீட்டுக்கு அனுப்புறது, இஎம்ஐ, சேமிப்பு எல்லாம் சேர்த்து கைக்கு எவ்வளவு வேணும்? அதுக்கு எவ்வளவு சிடிசி கேக்கணும்? பேப்பர்ல ரெண்டு நம்பர் இருக்கட்டும்: கேக்குற நம்பர், இதுக்குக் கீழே போகமாட்டேன்ங்கிற நம்பர். ரெண்டாவதை வாய் திறந்து சொல்லிடாதீங்க! எச்ஆர் ஒரு தொகை சொன்னா, "இதுல ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு?"ன்னு கேளுங்க. போன் இன்டர்வியூல உள்ள ஒரே சௌகரியம், பேப்பரைப் பார்த்துப் பேசலாம்.

"வீட்டிலிருந்துதானே வேலை, ஊர்ல செலவு கம்மிதானே"ன்னு சில இடத்துல குறைக்கப் பார்ப்பாங்க. இன்வெர்ட்டர், ரெண்டாவது நெட் கனெக்‌ஷன், நல்ல நாற்காலி எல்லாம் உங்க காசுன்னா, அதையும் மரியாதையா எடுத்துச் சொல்லுங்க.

வீடியோ ரவுண்டுக்கு வருவோம். வெளிச்சம் முகத்துக்கு நேரா, கேமரா கண் மட்டத்துல. இது எல்லாருக்கும் தெரியும். சிக்னல் விஷயம்தான் பலருக்குத் தெரியாது. ஜூம் சொல்ற அளவுப்படி, ஒருத்தரோட ஒருத்தர் பேசுற நல்ல தரமான வீடியோவுக்கு சுமார் 600 கேபிபிஎஸ் வேணும். குரலுக்கு மட்டும்னா 60 முதல் 80 போதும். அதனால படம் உறைஞ்சு நிக்க ஆரம்பிச்சா தயங்காம, "நெட் சரியில்ல, கேமராவை ஆஃப் பண்ணிக்கலாமா?"ன்னு கேளுங்க. அதுவும் முடியலேன்னா சாதாரண போன் கால்ல தொடரலாமான்னு கேட்டு, நம்பரை முன்னாடியே மெயில்ல கொடுத்து வெச்சிருங்க.

இன்னொண்ணு. போன் ஹாட்ஸ்பாட்ல லேப்டாப்பை இணைச்சிருக்கீங்க, போன்ல ரெண்டு சிம் இருக்கு. ரெண்டாவது சிம்முக்கு கால் வந்து பேச ஆரம்பிச்சா, பல போன்கள்ல முதல் சிம்மோட டேட்டா நின்னுடும். இன்டர்வியூ முடியுற வரைக்கும் அந்த சிம்மை ஆஃப் பண்ணிடுங்க. முந்தின நாள் அதே நேரத்துல, அதே இடத்துல உட்கார்ந்து, ஒரு நண்பரோட அரை மணி நேரம் வீடியோ கால் பேசிப் பாருங்க. காலையில் நல்லா இருக்கிற நெட் சாயந்திரம் அப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது.

போலி இன்டர்வியூவும் நிறைய நடக்குது. வாட்ஸ்அப்ல, டெலிகிராம்ல நாலு கேள்வி கேட்டுட்டு, "செலக்ட் ஆயிட்டீங்க, லேப்டாப் டெபாசிட் கட்டுங்க"ன்னு சொன்னா அங்கேயே நிறுத்திடுங்க. ரெஜிஸ்ட்ரேஷன், டிரெயினிங்னு எந்தப் பேரு வெச்சாலும், வேலை கொடுக்கிறவங்க உங்ககிட்ட பணம் கேக்கவே கூடாது. அந்த கம்பெனி வெப்சைட்டில் உள்ள மெயிலுக்கு நீங்களா எழுதி, இப்படி ஒரு வேலை இருக்கான்னு கேளுங்க. பணம் ஏற்கெனவே போயிருந்தா வெட்கப்பட்டு நாளைக் கடத்தாம உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.