போதை இல்லாத பானத்துக்குள் இத்தனை வேதியியலா?

கோலா கங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் ஹியூ லோ நட்ட ஒன்பது கன்றுகளில் இன்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ரப்பர் வந்ததால் தோட்டங்கள் வந்தன, தோட்டங்களுக்கு நம் மக்கள் வந்தார்கள், அவர்கள் பின்னாலேயே கள்ளுக்கடையும் வந்தது. அந்தக் கடையால் எத்தனை குடும்பங்கள் சீரழிந்தன என்று இங்குள்ள முதியவர்களைக் கேட்டால் விரல்விட்டுச் சொல்வார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாயோங் கிராமமோ வெறும் தண்ணீரைக் குளிரவைக்கும் கறுப்பு மண்குடத்துக்குப் பேர் பெற்றது. ‘லாபு சாயோங்’ என்று சொன்னால் பேராக் முழுக்கத் தெரியும்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பை நினைத்துப் பாருங்கள். மலாய்க்கார அண்டை வீட்டார் வருவார்கள், பிள்ளைகள் வருவார்கள், இனிப்புநீர் உள்ள பாட்டி இருப்பார், குடியை விட்டு ஆறு மாதமான மாமாவும் இருப்பார். எல்லாரும் ஒரே பாத்திரத்திலிருந்து குடிக்க வேண்டும். சிவப்பு சிராப்பைத் தண்ணீரில் கலந்து வைப்பது சுலபந்தான். ஆனால் அந்த மாமா கையில் அதைக் கொடுத்தால், ‘எனக்குச் சின்னப்பிள்ளைத் தண்ணியா?’ என்று முகம் சுருங்கிவிடும். பெரியவர் விரும்பும் பானத்தில் காரம், புளிப்பு, மெல்லிய கசப்பு மூன்றும் இருக்க வேண்டும்.

மது தொண்டையில் இறங்கும்போது சுரீர் என்கிறதே, அது உண்மையில் சூடு அல்ல. நம் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற ஏற்பி உண்டு. ஏறக்குறைய 42 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால்தான் அது விழிக்கும். ஆல்கஹால் அந்த எல்லையைத் தாழ்த்திவிடுகிறது. அதனால் உடம்பின் சாதாரணச் சூட்டையே மூளை ‘எரிகிறது’ என்று படித்துக்கொள்கிறது. இஞ்சியில் உள்ள ஜிஞ்சரால் அதே ஏற்பியைத்தான் தட்டுகிறது. ஆகவே மதுவின் உறைப்பை இஞ்சியால் ஈடுகட்டலாம். கடையில் விற்கும் ‘பிட்டர்ஸ்’ துளிகளை மட்டும் சேர்க்காதீர்கள். சில மாக்டெயில் குறிப்புகளில் அது இருக்கும். ஆனால் அந்தச் சிறு சீசாக்கள் பலவற்றில் ஆல்கஹால் 40 விழுக்காட்டுக்கும் மேல்.

பத்துப் பேருக்கான அளவைச் சொல்கிறேன். அன்னாசிச் சாறு 600 மில்லி. இளநீர் 800 மில்லி. லிமாவ் கஸ்தூரிச் சாறு 80 மில்லி. இதற்குப் பத்துப் பதினைந்து பழம் பிழிய வேண்டியிருக்கும். ஒரு கட்டைவிரல் நீள இஞ்சியைத் தட்டி, முடிச்சுப் போட்ட இரண்டு பாண்டான் இலையோடு சேர்த்து, 30 கிராம் குலா மலாக்காவும் போட்டுக் கொதிக்கவைத்து வடித்தால் 250 மில்லி கிடைக்க வேண்டும். இன்னொரு 200 மில்லி வெந்நீரில் ஒரு கைப்பிடி சங்குப்பூவை ஊறவைத்துத் தனியே எடுத்து வையுங்கள். கால் தேக்கரண்டி உப்பு. கடைசியாகச் சாதாரண சோடா 570 மில்லி. எல்லாம் சேர்ந்து இரண்டரை லிட்டர்.

பாண்டான் இலை எதற்கு என்கிறீர்களா? பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள்தான் அதிலும் இருக்கிறது. அதனால் அந்த மணம் நமக்கு உடனே நெருக்கமாகத் தோன்றுகிறது.

இப்போது கணக்கு. அன்னாசிச் சாற்றில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை, இளநீரில் ஏறத்தாழ 4 கிராம். குலா மலாக்காவையும் கூட்டினால் மொத்தம் 120 கிராம் வரும். ஓர் ஆளுக்கு 12 கிராம். 100 மில்லிக்கு 5 கிராமைவிடச் சற்றே குறைவு. இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலையில் நம் அரசாங்கம் வரி போட்டபோது வகுத்த எல்லையும் அந்த 5 கிராம்தான். டின்னில் வரும் பானம் ஒன்றில் 30 கிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. பாட்டிக்கு ஊற்றும்போது அரை கிளாஸ் போதும், மீதியைச் சோடாவால் நிரப்புங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீர் சேர்த்ததைக் கொடுக்க வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம்.

ருசி பார்க்கும்போது நன்றாகக் குளிரவைத்துப் பாருங்கள். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். ‘இன்னும் கொஞ்சம் சீனி’ என்று கை நீளும். அந்த இடத்தில் சீனிக்குப் பதில் ஒரு சிட்டிகை உப்பைப் போடுங்கள். உப்பு கசப்பை அமுக்கும். கசப்பு அடங்கினால் ஏற்கெனவே இருக்கும் இனிப்பு மேலே தெரியும்.

ஐஸ் விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். 28 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் பானத்தை 5 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 96,600 ஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகி 5 டிகிரித் தண்ணீராக மாற 355 ஜூலை உறிஞ்சும். வகுத்துப் பார்த்தால் 272 கிராம் ஐஸ். அதாவது ஒவ்வொரு லிட்டரிலும் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கலந்துவிடுகிறது! பானம் சப்பென்று போவது இதனால்தான். எல்லாவற்றையும் முதல் நாளே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் ஐஸ் அவ்வளவாக உருகாது.

லாபு சாயோங்கும் இதே வேலையைச் செய்கிறது, ஆனால் ஐஸ் இல்லாமல். குடத்தின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். ஒரு லிட்டர் தண்ணீர் 5 டிகிரி குளிர, ஒன்பது கிராமுக்கும் குறைவான நீர் ஆவியானால் போதும். கேட்க அதிசயமாக இருந்தாலும் நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் இடையில் வந்து தடுக்கிறது. 32 டிகிரி வெயில், 60 விழுக்காடு ஈரப்பதம் என்றால் எவ்வளவு நேரம் வைத்தாலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஆகவே குடத்தில் குடிதண்ணீரை வையுங்கள். பழச்சாற்றை ஊற்றாதீர்கள், துளைகளுக்குள் சர்க்கரை தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

பழச்சாறு பற்றி இன்னொரு எச்சரிக்கை. அன்னாசித் தோலில் இயற்கையாகவே ஈஸ்ட் இருக்கும். அதைத் தோலோடு நறுக்கி, பிழிந்த சாற்றை நம் வெப்பத்தில் இரவு முழுக்க வெளியே வைத்தால், தென்னம்பாளை நீர் கள்ளாக மாறுவது போலவே இதுவும் புளிக்கத் தொடங்கும். ஒரு லிட்டர் சாற்றிலுள்ள 100 கிராம் சர்க்கரையும் முழுக்கப் புளித்தால் ஏறத்தாழ 51 கிராம் ஆல்கஹால் வரும். ஓர் இரவில் அவ்வளவு தூரம் போகாதுதான். ஆனாலும் ஹலால் பார்த்துக் குடிக்கும் விருந்தாளிக்கும், குடியை விட்ட மாமாவுக்கும் ‘கொஞ்சம்தானே’ என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? நம் முன்னோர் பதநீர்ப் பானையில் சுண்ணாம்பு தடவியது இந்த ஈஸ்ட்டை அடக்கத்தான். அன்னாசிக்குச் சுண்ணாம்பு சரிப்படாது. தோலைக் கழுவிச் சீவி, அன்றைக்கே பிழிந்து, உடனே குளிரில் வையுங்கள். நுரை கட்டி மூடி உப்பியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

பால் சேர்க்கும் ஆசை இருந்தால், அன்னாசிச் சாற்றை முதலில் கொதி வரும்வரை சுடவைத்து ஆற்றுங்கள். அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி பால் புரதத்தை வெட்டிக் கசப்பாக்கிவிடும். சூடு பட்டால் அது செயலிழக்கும்.

பரிமாறும் நேரம்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கிளாஸில் இரண்டு ஐஸ் கட்டி, மேலே கலந்து வைத்த சாறு, பிறகு சோடா. சோடா நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், சூடு ஏறினால் கரியமில வாயு நிற்காது. கடைசியாகச் சங்குப்பூ நீரை ஒரு கரண்டியின் முதுகில் விட்டு ஐஸ் மேல் மெதுவாக வழியவிடுங்கள். அதில் சர்க்கரை இல்லாததால் அடர்த்தி குறைவு. சாற்றின் மேலேயே நீலமாக மிதக்கும். பிள்ளையிடம் கரண்டியைக் கொடுத்துக் கலக்கச் சொல்லுங்கள். லிமாவ் கஸ்தூரியின் அமிலம் பட்டதும் நீலம் ஊதாவாகும். இன்னும் நாலு சொட்டுப் பிழிந்தால் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். பூவிலுள்ள அந்தோசயனின் நிறமி அமிலத்தில் வடிவம் மாறுவதால் இது நடக்கிறது.

மிஞ்சிய பானத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுங்கள். அடுத்த நாள் வரும் விருந்தாளிக்கு அந்தக் கட்டிகளையே போட்டால், உருகினாலும் ருசி நீர்க்காது.