பைபாஸில் போகும் சோறு

அன்புள்ள கண்ணம்மா,

"அம்மாதான் இளைச்சாச்சே அத்தை, இன்னும் எதுக்கு இத்தனை மாத்திரை?" என்று போனில் கேட்டாய். "டாக்டர் சொன்னபடி போடட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை. பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறவளுக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

எடை குறைக்கும் ஆபரேஷனில் அண்ணியின் வயிற்றைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்றுதான் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது பாதிக் கதை. இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி பிடிக்கும் ஒரு பையைப் பிரித்து, சிறுகுடலில் கொஞ்சம் கீழே கொண்டுபோய் இணைத்திருக்கிறார்கள். மிச்ச இரைப்பையும், சிறுகுடலின் தொடக்கமான டியோடினமும் உள்ளேயேதான் இருக்கின்றன. சோறு மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. பைபாஸ் ரைடர் பஸ் ஊருக்குள் நுழையாமல் போகுமே, அப்படி. இரும்புச்சத்து பெரும்பாலும் இறங்குவது அந்த ஊருக்குள்தான். கால்சியத்துக்கும் அது முக்கியமான நிறுத்தம்.

பி12 கதை வேறு. 1920-களில் பாஸ்டனில் வில்லியம் காசில் என்ற இளம் மருத்துவருக்கு ஒரு சந்தேகம். ஒருவகைக் கொடிய ரத்தசோகைக்காரர்கள் தினமும் கல்லீரல் சாப்பிட்டால்தான் பிழைக்கிறார்கள். நமக்கு ஏன் அது தேவைப்படவில்லை? அரைவேக்காட்டு மாட்டிறைச்சியைத் தானே தின்று, சற்று நேரத்தில் தன் வயிற்றிலிருந்து திரும்ப எடுத்து, நோயாளிகளுக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார். (முகம் சுளிக்காதே.) அவர்களுக்கு ரத்தம் ஊறியது. வெறும் இறைச்சிக்கு ஊறவில்லை. ஆக, இரைப்பை எதையோ சேர்க்கிறது. அந்தச் சுரப்புதான் பி12-ஐக் கைப்பிடித்துச் சிறுகுடலின் கடைக்கோடிவரை கூட்டிப்போகிறது.

அண்ணிக்கு இப்போது அந்தத் துணை சரியாகக் கிடைப்பதில்லை. துணையில்லாமல் தானாக உள்ளே நுழைவது நூற்றில் ஒரு பங்குதான். நாளுக்கு இரண்டு மூன்று மைக்ரோகிராம் போதும் என்கிற சத்துக்கு 1000 மைக்ரோகிராம் மாத்திரை கொடுப்பது அதனால்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. கல்லீரலில் சில வருடங்களுக்கான பி12 கையிருப்பு இருக்கும். முதல் வருடம் மாத்திரையை விட்டாலும் ஒன்றும் தெரியாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுவார்கள். பிறகு ஒருநாள் பாதம் மரத்துப்போகும். அப்படிக் கெட்ட நரம்பு முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. வருடாவருடம் ரத்தப் பரிசோதனை கேட்பது இதற்காகத்தான்.

பி1 இதற்கு நேரெதிர். கையிருப்பு இரண்டு மூன்று வாரம்தான். அம்மாவுக்கு வாந்தி நிற்கவே இல்லையென்றால், நடை தள்ளாடினால், பார்வை இரட்டித்தால், பேச்சு குழம்பினால், விடியட்டும் என்று காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. குளுக்கோஸ் ஏற்றும் முன்பே ஆபரேஷன் ஆனதைச் சொல். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு ஆபத்து.

போன வாரம் அண்ணி இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே வாயில் போட்டு, மேலே டீயும் குடித்ததைப் பார்த்தேன். கால்சியம் இரும்பை உள்ளே விடாது, டீயும் விடாது. இரும்பை எலுமிச்சைச் சாற்றோடு போடட்டும். கால்சியம் இரண்டு மணி நேரம் தள்ளி. அந்தக் கால்சியம் அட்டையில் கார்பனேட் என்றிருக்கிறதா, சிட்ரேட் என்றா? கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், சிட்ரேட்டுக்கு வேண்டாம். பின்பக்கத்தைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு.

அன்புடன்,
அத்தை