மண்வாழ் நுண்ணுயிரின் குலம் அறிதல்

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு கரண்டி மண்ணை அள்ளினால், அதனுள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கும். நுண்ணோக்கியில் அவை கோலாகவும் உருண்டையாகவுமே தோன்றுதலின், உருவங்கொண்டு இனம் பிரித்தல் அரிது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்து அறியலாம் எனின், பெரும்பாலானவை அங்கே வளர்வதில்லை.

ஆகவே அறிஞர் ரைபோசோமை நாடினர். உயிரணுவினுள் புரதத்தை ஆக்குவது அதுவே. அஃதின்றி எவ்வுயிரணுவும் வாழாது. பாக்டீரியாவில் அதன் ஒரு கூற்றை விதிக்கும் 16எஸ் மரபணு ஏறத்தாழ 1,500 எழுத்து நீளமுடையது. தமிழ் பயில்வோர்க்கு இதன் பயன் எளிதில் விளங்கும். ஏடு பெயர்த்தெழுதுவோன் செய்த பிழை, அதனைப் பார்த்தெழுதிய ஏடுகளிலும் தொடரும். ஒரே பாடபேதமுடைய சுவடிகள் ஒரு மூலத்தின் வழிவந்தன எனப் பதிப்பாசிரியர் உய்த்துணர்வர். இம்மரபணுவிலும் மெல்ல மாறிவரும் பகுதிகளே குலத்தைக் காட்டுகின்றன. மாறாத பகுதிகளோ, நூலின் தொடக்கத்தைக் காட்டும் காப்புச் செய்யுளை ஒப்பன. அவற்றைப் பற்றிக்கொண்டே பி.சி.ஆர். முறையால் மரபணுவைப் படியெடுத்துப் பெருக்குவர். மண்ணிலிருந்தே நேராக இதனைச் செய்யலாமாதலின், வளராதனவும் அகப்படுகின்றன. 1977இல் கார்ல் ஊஸ், ஜார்ஜ் பாக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இத்தகைய ஒப்பீட்டினாலேயே, பாக்டீரியா என எண்ணப்பட்டவற்றுட் சில முற்றும் வேறான பெருங்குலம் எனக் கண்டனர். அவையே ஆர்க்கியா.

நம் நாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. அலையாத்திக் காடுகளை அடுத்த உவர்நிலத்தில் ஒருவகைக் காட்டுநெல் வளர்கின்றது. அதன் வேர், தண்டு, வேர்மண் இவற்றினின்று சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்து லோகநாதன், சுதா நாயர் என்போர் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். நூற்றுக்கு 3 பங்கு உப்பிலும் அது வளர்ந்தது, உப்பிருக்கவே காற்றின் நைட்ரஜனைப் பிணைத்தது, பாஸ்பேட்டையும் கரைத்தது. அசிட்டிக் அமில பாக்டீரியாக் குடும்பத்தில் அது புதியதொரு பேரினம் எனத் துணிந்து, 2004இல் ‘சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ்’ எனப் பெயரிட்டனர். கடல்நீர் புகுந்து கெட்ட வயல்களை உடைய உழவர்க்கு இஃது எத்துணை இனிய செய்தி!

நிற்க. இம்முறைக்கு எல்லையும் உண்டு. பயிர்ப்புழுவைக் கொல்ல உழவர் தெளிக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸும், ஆடுமாடுகளுக்கு அடைப்பான் நோய் தரும் பேசில்லஸ் ஆந்த்ராசிஸும் மண்ணில் வாழ்வன. இரண்டன் 16எஸ் எழுத்துக்களும் ஏறக்குறைய ஒன்றே. அடைப்பானின் நஞ்சை விதிக்கும் மரபணுக்கள் பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்தில் உள்ளன. ரைபோசோமைப் படித்தால் அவை புலப்படா. ஆதலின் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுவோர், அவ்வளையங்களையும் சேர்த்து முழு மரபுத்தொகுதியையும் படிக்கின்றனர்.