பேராதனையில் நாடகம் பழகுவோருக்கு

உயர்தரப் பெறுபேறு வந்ததும் கண்டி, ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கேட்பார்கள்: "நாடகம், வானொலி, தொலைக்காட்சி என்று போக ஆசை. எங்கே விண்ணப்பிப்பது?"

நாடகத்தையே தமிழில் பட்டப்படிப்பாகப் படிக்க வேண்டுமென்றால் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசை, நடனத்துக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மட வளாகம். இப்படியான கற்கைநெறிகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது, செயன்முறைப் பரீட்சையும் உண்டு. அதற்கான அறிவித்தலைத் தவறவிட்டால் எவ்வளவு புள்ளி இருந்தும் பயனில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை வாங்கி, கற்கைநெறி விருப்பங்களின் யூனிகோட் வரிசையை எழுதும் முன்பே அந்தத் திகதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது பேராதனை. கண்டியில் கலஹா பஸ் ஏறினால் வளாகத்துக்குள்ளேயே இறங்கலாம். கலைப்பீடத்தில் நுண்கலைத் துறை உண்டு. எந்தப் பாடம் எந்த மொழியில் நடக்கிறது என்பதை மட்டும் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டுப் பாடத்தைத் தெரிவு செய்யுங்கள். ஆனால் நாடகத்துக்கு வேண்டியதெல்லாம் நாடகப் பாடத்தில்தான் கிடைக்கும் என்று நினைத்துத் தமிழ்த் துறையை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த வளாகத்தின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

அங்கே கற்பித்த எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தையும், அதன் பின் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றையும் மாணவர்களைக் கொண்டு அரங்கேற்றினார். இருவரும் நாடகப் பள்ளி ஆசிரியர்கள் அல்லர், மொழியும் இலக்கியமும் கற்பித்தவர்கள். 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் நாடகப் பேராசிரியரானார்.

வித்தியானந்தன் செய்ததைத் தொழில் தேடுகிறவர் உற்றுப் பார்க்க வேண்டும். ஊரில் வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தை அவர் ஓரிரு மணி நேரத்துக்குச் சுருக்கினார். நாற்புறமும் பார்வையாளர் சூழ்ந்த ஆட்டத்தை ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்கு மாற்றினார். எந்த விருத்தத்தை விடுவது, எந்தத் தாளக்கட்டைத் தொடக்கூடாது, ஆட்டக்காரர் எந்தப் பக்கம் முகம் காட்டுவது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கும் வேலை அது. இன்று எடிட்டிங் அறையில் சம்பளம் கொடுத்து வாங்கப்படுவதும் இந்தத் தீர்மானம்தான். மென்பொருளை எங்கும் படிக்கலாம், இதற்குப் பிரதியோடும், கூத்துப் பழக்கும் அண்ணாவியாரோடும் பழக வேண்டும். மலையகப் பிள்ளைக்கு அது தோட்டத்திலேயே கிடைக்கிறது. காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் ஆடும் பெரியவர்களிடம் போய் ஒலிப்பதிவு செய்யுங்கள். அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் பெயரையும் குறித்து.

மாணவர்கள் 'வள' என்று சொல்லும் சரச்சந்திர திறந்தவெளி அரங்கில் நாடகம் என்றால் மாலையில் போகாதீர்கள், பிற்பகலிலேயே போங்கள். புல்மேட்டில் உட்கார்ந்து பார்ப்பதை விட, விளக்கு எங்கே கட்டுகிறார்கள், கேபிள் எந்த வழியாகப் போகிறது, வானம் கறுத்தால் எதை முதலில் மூடுகிறார்கள் என்று பார்ப்பது பெரிய பாடம். "அண்ணே, கேபிள் சுத்தித் தரவா?" என்று கேட்டு உள்ளே போனவர்களை எனக்குத் தெரியும். சிங்களம் பேசத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே கதவு சீக்கிரம் திறக்கும். மேடை நிர்வாகம், உபதலைப்பு, இருமொழி அறிவிப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஆள் தேவை.

வேலை என்று வரும்போது நிலையானது ஆசிரியத் தொழில். நாடகமும் அரங்கியலும் பாடசாலைப் பாடம், அதை முறையாகப் படித்த ஆசிரியர் தோட்டப் பாடசாலைகளுக்கு வேண்டும். இதை இரண்டாந்தரத் தெரிவாக யாரும் நினைக்க வேண்டாம். தமிழ் வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் பெரும்பாலும் கொழும்பில். அங்கே பகுதிநேர அறிவிப்பாளராகவோ எடிட்டராகவோ தொடங்கினால் விடுதி வாடகைக்குக் கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கள். நேர்முகத்துக்கு நீங்களே வெட்டிய மூன்று நிமிடக் காணொளி ஒன்றும், குரல் மாதிரி ஒன்றும் கையில் இருக்கட்டும். நாள் கணக்கா, நிகழ்ச்சிக் கணக்கா, காசு எப்போது என்பதை வேலைக்கு முன்பே குறுஞ்செய்தியிலாவது எழுதி வாங்குங்கள். "பழக வந்த பிள்ளைதானே" என்று இலவசமாகக் கேட்டால், முதல் தடவை போங்கள். அடுத்த தடவை உங்கள் கட்டணத்தைச் சொல்லுங்கள்.