கருப்பில் தொடங்கு, தாயி
மரச்செதுக்குப் பழக வரும் பெண்களுக்குச் சில அறிவுரைகள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமிருந்து மரச்செதுக்குக் கற்க வரும் பெண்கள் முதலில் கேட்பது, “இதை வைத்து ஒரு பெண் என்ன செய்துவிட முடியும்?” என்பதுதான். ஒரு வாழ்க்கையே செய்ய முடியும். செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். கைவேலையையும் அவர்கள் கதையையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டும் வேண்டும்.

1. மரத்தை முதலில் அறி. தேரில் சிற்பம் செய்பவர்கள் பலகையை நாரின் போக்கிலே வைத்துச் செதுக்குகிறார்கள். கட்டையில் செதுக்கி, மை பூசிக் காகிதத்தில் அச்செடுக்கும் நம் வேலைக்கு அடிமரத்தைக் குறுக்கே அறுத்த முகம் வேண்டும். அங்கே நார் குத்திட்டு நிற்பதால் எந்தப் பக்கம் கோடு இழுத்தாலும் பிசிறாது. மயிரிழைக் கோடும் நிற்கும். மேல்நாட்டில் மெல்ல வளரும் பாக்ஸ்வுட்டைத் தேடிப்போனார்கள். நாம் நெருக்கமான நாருள்ள மரம் எதிலும் பழகலாம். சன்னபட்டணத்துப் பொம்மை கடையும் வெட்பாலை அப்படி ஒன்று. தச்சுப் பட்டறையில் கேட்டு, நன்றாக உலர்ந்த துண்டாக வாங்கு. மலையடிவாரத்தில் விழுந்து கிடக்கிறதே என்று காட்டிலிருந்து ஒரு கொம்பைக்கூட எடுக்காதே. கட்டையை வெயிலில் வைக்காதே. இரண்டு முகத்திலும் காற்றுப் படும்படி நிறுத்தி வை, படுக்கப்போட்டால் வளையும்.

2. கருவியை உள்ளங்கையில் அடக்கிப் பிடி. சுத்தியல் இல்லை, அடி இல்லை. கையின் அழுத்தம் மட்டும்தான். மணல் அடைத்த தோல் மெத்தைமேல் கட்டையை வை. வளைகோடு வேண்டுமானால் கருவியை வளைக்காதே, கட்டையைத் திருப்பு. முனை மழுங்கினால் அது வழுக்கும், வழுக்கினால் மறு கையைக் கிழிக்கும். செதுக்கும் நேரத்தில் ஒரு பங்கைச் சாணைக் கல்லுக்குக் கொடு.

3. கருப்பில் தொடங்கு. கட்டைக்கு முழுக்க மை பூசிவிட்டுச் செதுக்கு. காகிதத்தில் பென்சில் இருட்டைச் சேர்க்கிறது. இங்கே நீ இழுக்கும் ஒவ்வொரு கோடும் வெளிச்சம். நம் ராஜபாளையம் நாய் வெள்ளை. வெள்ளைதானே என்று அதன் உடம்பு மொத்தத்தையும் தோண்டி எடுத்துவிட்டால் காகிதத்தில் ஓட்டைதான் மிஞ்சும். விலாவுக்கும் தொடைக்கும் வேண்டிய கருப்பை விட்டுவை, நாய் எழுந்து நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயத்துச் சாம்பல் நிற அணிலுக்கு வேறு பாடம். நம்மிடம் சாம்பல் மை கிடையாது. நெருக்கமான கோடும் விலகிய கோடும் சேர்ந்துதான் கண்ணுக்குச் சாம்பலைத் தர வேண்டும். இந்த இரண்டையும் செதுக்கப் பழகியவளுக்கு மற்றதெல்லாம் கைக்கு வரும்.

4. இடவலத்தை மறக்காதே. கட்டையில் இடதாக இருப்பது காகிதத்தில் வலதாக விழும். ஆண்டாளுக்குக் கிளி இடக்கையில். மதுரை மீனாட்சிக்கு வலக்கையில். கண்ணால் பார்த்ததை அப்படியே கட்டையில் இறக்கினால் நம்மூர் ஆண்டாள் கையில் கிளி இடம் மாறிவிடும். மெல்லிய தாளில் வரைந்து, தாளைக் கவிழ்த்துக் கட்டையில் பதி. எழுத்து செதுக்குவதானால் ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் காட்டிச் சரிபார்.

5. உன் ஊரைச் செதுக்கு. கல்கத்தாவின் மரச்செதுக்காளர் ஹரேன் தாஸ் (1921–1993) வங்கக் கிராமத்தின் நீர்நிலையையும் உழைப்பையும் விட்டு அதிகம் விலகவில்லை. அந்தக் கட்டைகளில் ஈரக்காற்றே தெரியும். கிளேர் லெய்டன் என்ற ஆங்கிலப் பெண் உழவரின் பன்னிரண்டு மாத வேலையைச் செதுக்கி 1933-ல் ‘தி ஃபார்மர்ஸ் இயர்’ என்று புத்தகமாக்கினார். 1935-ல் தன் தோட்டத்தைப் பற்றி எழுதி, படங்களையும் தானே செதுக்கி ‘ஃபோர் ஹெட்ஜஸ்’ கொண்டுவந்தார். உனக்கு மாந்தோப்புக் காவல் இருக்கிறது, பஞ்சாலை ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் இருக்கிறார்கள், பால்கோவாச் சட்டியில் துடுப்புப் போடும் கை இருக்கிறது, ஆடிப்பூரத்துத் தேர்வடம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரத்தைச் செதுக்க ஆசை வந்தால் எல்லாச் சிலையையும் எண்ணி நிரப்பாதே. விடிகாலையில் அதன் ஒரு விளிம்பில் வெளிச்சம் எப்படி ஏறுகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்.

6. வீடு ஓய்ந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதே. வீடு ஓயாது. குவென் ராவெராட்டின் வாழ்க்கையை நினைத்துக்கொள். 1885-ல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர், சார்லஸ் டார்வினின் பேத்தி. மரச்செதுக்கின் அரிச்சுவடியை உறவுக்காரப் பெண்ணான எலினோர் மான்செலிடம் கற்றார். மற்றதைத் தானே பழகினார். 1920-ல் இங்கிலாந்தில் மரச்செதுக்காளர் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். கணவர் ஜாக் ஓவியர். நரம்பு நோய் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக முடக்கி 1925-ல் கொண்டுபோனது. இரண்டு பெண் குழந்தைகள். நோயாளியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட அந்த ஆண்டுகளிலும் குவென் செதுக்குவதை விடவில்லை. கணவருக்குப் பின் புத்தகங்களுக்குப் படம் செதுக்கினார், பத்திரிகையில் கலை விமர்சனம் எழுதினார். 1951-ல் பக்கவாதம் செதுக்கும் வேலையை நிறுத்தியது. அடுத்த ஆண்டே தன் இளமைக்காலத்தை ‘பீரியட் பீஸ்’ என்ற புத்தகமாகக் கொடுத்தார்.

அவருக்கு இருந்த குடும்ப வசதி நம் வீடுகளில் பலருக்கு இல்லை. ஆனால் இந்த வேலைக்கு வேண்டிய இடம் ஒரு மேசை முனை. கட்டை மூன்று, நான்கு அங்குலம். பாதியில் எழுந்து போனாலும் சாயம் காயாது, களிமண் இறுகாது. விட்ட கோட்டிலிருந்து தொடரலாம். நாளில் ஒரு மணி நேரத்தை உனக்கென்று வை. அந்த நேரத்தில் நீ வேலையில் இருக்கிறாய் என்பதை வீட்டார் எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும்.

7. எடுத்த மரம் திரும்பாது. ஆகவே ஐயமிருந்தால் கருப்பாகவே விடு. கொஞ்சம் செதுக்கி, ஒரு சோதனை அச்செடுத்துப் பார்த்துவிட்டு மேலே போ. பெரிய பழுது வந்தால் அந்த இடத்தைத் துளைத்து, மரத்தக்கை இறுக்கி, தேய்த்துச் சமன்செய்து மறுபடி செதுக்கலாம். பழைய பட்டறைகளில் அது வழக்கமான வேலை.

8. மையைக் குறைவாகப் போடு. ரோலரில் மெல்லிய படலம் போதும். மிஞ்சினால் நுண்கோடெல்லாம் அடைபட்டுவிடும். இயந்திரம் இல்லாவிட்டால் மெல்லிய உறுதியான தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய். கட்டையின் உயரம் ஈய எழுத்தின் உயரமான 0.918 அங்குலமாக இருந்தால், பழைய அச்சகத்தில் எழுத்தோடு சேர்த்தே பூட்டி அச்சிடலாம். புத்தகத்துக்குள் மரச்செதுக்கு நுழைந்தது இந்த வழியில்தான்.

9. பெயரைப் போடு, விலையைச் சொல். எத்தனை பிரதி என்று முதலிலேயே தீர்மானி. படத்தின் கீழே பென்சிலால் பிரதி எண், தலைப்பு, கையெழுத்து. ஐம்பது என்று எழுதினால் ஐம்பதோடு நிறுத்து. வாங்குகிறவர் உன்னை நம்புவது அந்த எண்ணில்தான். மரம், தாள், மையோடு உன் நேரத்துக்கும் கூலி சேர்த்து விலை வை. “வீட்டில் சும்மா இருந்தபோது செய்தது” என்று உன் வாயால் ஒருபோதும் சொல்லாதே. கேட்பவர் அப்படியே எடுத்துக்கொள்வார்.

10. கற்றதை இன்னொருத்திக்குக் கொடு. சென்னையில் 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியில் மரச்செதுக்கும் ஒரு பாடமாக இருந்தது. புகைப்பட அச்சு வந்ததும் இந்த வேலைக்கு இருந்த பிழைப்பு போய்விட்டது. அதன்பின் இதைக் காப்பாற்றியவர்கள் ஆசையால் செய்தவர்களும் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களும்தான். எலினோர் சொல்லிக்கொடுத்ததால் குவென் கிடைத்தார். உனக்குப் பத்துக் கட்டை செதுக்கிய அனுபவம் வந்ததும் ஒரு சிறுமியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையில் ஒரு பழைய துண்டையும் கூரான கருவியையும் கொடு.