இரவல் இயந்திரம் வாங்குமுன்

சென்ற ஆண்டு ஒரு பொது நூலகத்தில் நான்கு நூல்களை இரவல் இயந்திரத்தின்மேல் அடுக்கி வைத்தேன். திரையில் மூன்று என்று வந்ததை நான் கவனிக்கவில்லை. வாசலில் மணி அலறியது, திருடியவனைப்போல் நின்றேன். விட்டுப்போனது ஒரு மெல்லிய கவிதை நூல்.

காரணம் இதுதான். நூலினுள் ஒட்டப்படும் ரேடியோ அலைச் சில்லுகள் பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. மெல்லிய நூல்களை அடுக்கினால் சில்லுகள் மிக நெருங்கி, ஒன்றின் அலையை மற்றொன்று குலைத்துவிடும். உலோகத் தாள் ஒட்டிய அட்டையும் அலையைத் தடுக்கும். நம் தமிழ்க் கவிதை நூல்களும் சிறுவர் நூல்களும் பெரும்பாலும் மெல்லியவைதாமே!

சிங்கப்பூரில்கூட 1998-இல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் சோதித்த பிறகே மற்ற நூலகங்களுக்குக் கொண்டு சென்றனர். ஆகவே, விற்பனையாளர் கொண்டுவரும் தடித்த நூல்களை நம்பாமல், நம் அலமாரியின் மெல்லிய நூல்களை அடுக்கிப் பார்க்க வேண்டும். வேகம் அப்புறம். வைத்த நூல்களின் எண்ணிக்கையைக் கேட்டு, பொருந்தாவிட்டால் நிறுத்தும் இயந்திரமே நல்லது. நடுவில் கணினி இணைப்பைத் துண்டித்தும் பாருங்கள்: இரவலைப் பதியாமலேயே வாசல் மணிக்கான காவல் குறியை நீக்கிவிடுகிறதா? அப்படியானால் அது வேண்டாம். ரசீதுத் தாள் தீர்ந்தால் என்ன செய்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.